கட்சால் சுருங்கினால் சந்தோஷம்

"ஹிலோ மத், புள்ள! நீ அசைஞ்சா கட்சால் கடலுக்குள்ள போயிரும்."

மார்க்கர் பேனாவின் மூடியைப் பல்லில் கடித்தபடியே அதட்டுவார் விசாலாட்சி. பிள்ளையின் முதுகில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை விரித்து, தோலில் வெளிறிய திட்டுகளின் ஓரத்தை வரைந்தெடுப்பார். மாதம் ஒரு தாள்.

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி ஒன்றின் தோல் பிரிவில் பதினெட்டு வருஷமாக நர்ஸ். பிறந்தது நிக்கோபாரின் கட்சால் தீவில், ரப்பர் தோட்டத்தில். ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு தீவின் பெயர் வைப்பார். இருப்பதில் பெரியதற்குச் சொந்த ஊரின் பெயர். ஊர் சுருங்கச் சுருங்கக் குதூகலிக்கிற மனுஷி இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

புரோத்ராபூரிலிருந்து வரும் இந்தப் பிள்ளை அல்மாஸுக்கு எட்டு வயது. அவள் அம்மா நஜ்மா தேமல் என்று நினைத்துப் பூசாத களிம்பு இல்லை. "தேமல்னா மருந்துக்கு அடங்கணுமே! இது வெயில் படாத எடமாப் பாத்துல்ல குந்தியிருக்கு," என்று டாக்டர் ஷோபனாவை நச்சரித்தது விசாலாட்சிதான். மிளகளவு தோலை வெட்டி மெயின்லேண்டுக்கு அனுப்பினார்கள். முதல் தடவை ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் தடவை பிடிபட்டது: தோலில் வரும் ஒருவகைப் புற்றுநோய், குழந்தைகளுக்கு அபூர்வம். நஜ்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விசாலாட்சியும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டரோ மத், பயப்படாத. மெதுவா நகர்ற ரகம் இது. லைட்டுக்கு அடங்கும்."

வாரம் மூன்று நாள், புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அல்மாஸ் நிற்க வேண்டும். வெளியே நின்று விசாலாட்சி கப்பல் அறிவிப்புகளை இந்தியில் முழங்குவார். பிள்ளை பயப்பட மறந்து சிரிக்கும். மழையையோ கடையையோ சாக்கிட்டு ஒருநாள் வராவிட்டால் போதும், நஜ்மாவின் போன் அலறும். "கடைய ஒம் புருசன் பாத்துக்குவாரு. மூணு நாள்னா மூணு நாள்தான்!"

பதினோரு மாதம் ஓடிவிட்டது. இன்று வரைவதற்கு எதுவும் இல்லையென்றால் விளக்கைக் குறைக்கலாம், திரும்ப வருகிறதா என்று மட்டும் வருஷக்கணக்கில் கவனிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

விசாலாட்சி மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு புதுத்தாளை விரித்தார். அல்மாஸை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை விரல் விரலாகப் பார்த்தார். பேனா தாளுக்கு மேலேயே நின்றது.

"என்ன சிஸ்டர், வரையாம நிக்கிறீங்க?" நஜ்மா எட்டிப் பார்த்தாள்.

விசாலாட்சி பல்லிலிருந்த மூடியை எடுத்து, பேனாவை அழுத்தி மூடினார்.