பதிவில் ஏறாத வாக்கியம்

சபையில் எல்லோருக்கும் அவர் பென்சிலக்கா. காதுக்கு மேல் பென்சிலைச் செருகிக்கொண்டு, அதையே தேடி மேசையெல்லாம் கிளறுவார். சட்டசபைப் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுக்கும் எங்கள் நால்வரில் அவர்தான் மூத்தவர். ஆளுக்குப் பத்து நிமிடம் எழுத வேண்டும். அடுத்தவர் வந்ததும் எழுந்து பின்னறைக்குப் போய், எழுதியதைத் தட்டச்சு செய்ய வேண்டும். உறுப்பினர்கள் பேசுவதை அப்படியே அச்சில் ஏற்றினால் நாடு தாங்காது. பாதியில் நிற்கும் வாக்கியத்தை நாங்கள்தான் முடித்து வைப்போம். 'வந்து', 'என்னன்னா' எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுவோம். எங்கள் அறையில் இதற்குத் 'தலை வாரிவிடுவது' என்று பெயர். என்ன சொன்னார் என்பதில் மட்டும் கை வைக்கக்கூடாது.

அக்கா பத்தொன்பது வருடமாக ஒரு தையற்காரியோடு குடியிருந்தார். தெருவுக்கு அவர்கள் அக்கா தங்கை. எங்களுக்கு விஷயம் தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொள்வதுதான் மரியாதை என்று நினைத்திருந்தோம். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது, எங்களுக்கு அது சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஒரே பாலினத்தவர் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்ற மசோதா சபைக்கு வந்தது. தேன்குரலார் எழுந்தார். அது நாங்கள் வைத்த பெயர். திட்டினாலும் தாலாட்டுப் போலத்தான் இருக்கும். ஒருபுறம் பார்த்தால், மறுபுறம் பார்த்தால் என்று வழுக்கிக்கொண்டே வந்தவர், நடுவில், "இதுகளைப் பெத்தவங்க பொறந்தன்னைக்கே கழுத்தை நெரிச்சிருந்தா இந்த மசோதாவே வந்திருக்காது" என்றார். சிலர் சிரித்தார்கள். வாக்கெடுப்பு மணி அடித்தபோது அவர் காபி குடிக்கப் போயிருந்தார்.

அந்த வாக்கியம் வந்தது அக்காவின் பத்து நிமிடத்தில். அக்கா தட்டச்சு செய்த தாளில் அந்த இடத்தில், "இது பெற்றோர் சிந்திக்க வேண்டிய விஷயம்" என்று இருந்தது. தேன்குரலார் தாளைப் படித்துவிட்டு வாய் திறக்காமல் ஒப்புதல் கையெழுத்துப் போட்டார். கசக்குமா அவருக்கு?

போன வருடம் ஒரே பாலினத்தவர் திருமண மசோதா வந்தது. அதற்குள் காற்று திரும்பிவிட்டது, கூடவே தேன்குரலாரும். எந்த உறுப்பினர் இதுபற்றி முன்பு என்ன பேசினார், எப்படி வாக்களித்தார் என்று ஒரு சங்கம் சிறு புத்தகம் போட்டது. பழைய விவாதத்தின்போது பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர், தேன்குரலாரின் அந்த வாக்கியத்தை அதில் எழுதிவிட்டார். பதிவில் காட்டு, இல்லாவிட்டால் மன்னிப்புக் கேள், இரண்டும் இல்லையென்றால் வழக்கு என்று தேன்குரலாரிடமிருந்து ஆசிரியருக்கு நோட்டீஸ் வந்தது.

ஆசிரியர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அக்காதான் பழைய தொகுதியை எடுத்துக் கொடுத்தார். அவர் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தார்.

"என் காதால கேட்டேம்மா. எனக்கு இப்பல்லாம் மறதின்னு வீட்ல சொல்றாங்க. அப்படித்தான் போல."

அவர் படியிறங்கிப் போனதும், தாளில் வாக்கியத்தை மாற்றியதை அக்கா என்னிடம் சொன்னார். "அச்சுல வந்தா அவ படிப்பாளேன்னு தோணிச்சுப்பா. கை தானா மாத்திடுச்சு."

அன்று சாயங்காலம் தையற்காரியிடமும், அந்த வாக்கியத்தையும் சேர்த்து, சொல்லியிருக்கிறார். அவள் தைத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, "நீ என்னைக் காப்பாத்தினியா, அவனைக் காப்பாத்தினியா?" என்று கேட்டாளாம்.

மறுநாள் அக்கா சபைச் செயலாளரிடம் போய், பதிவு தப்பு, மாற்றியது நான்தான் என்று எழுதிக் கொடுத்தார். துணைக்கு நானும் போயிருந்தேன். சுருக்கெழுத்து நோட்டு எங்கே என்றார் செயலாளர். ஐந்து வருடம் ஆனால் நோட்டுகளை அழித்துவிட வேண்டும் என்பது விதி, அழித்தாயிற்று.

"ஏம்மா மாத்துனீங்க?"

"வீட்ல இருக்கறவ படிக்கக் கூடாதுன்னு சார்."

"வீட்ல யாரு?"

அலுவலகத்தில் ஒருவரிடமும் சொல்லாததை அக்கா அந்த அறையில் சொன்னார். குரல் பிசிறவில்லை. செயலாளர் பேனாவைத் திறந்து, 'இவருக்கு இதில் சொந்த ஈடுபாடு உள்ளது; இவர் கூற்றை ஏற்க இயலாது' என்று எழுதினார். உண்மையைச் சொன்னதே அதைப் பொய்யாக்கிவிட்டது. துணைக்குப் போன நான் அக்காவுக்குக் கதவைத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

ஆசிரியரின் மன்னிப்பு பத்திரிகையில் நான்கு வரியில் வந்தது. அக்காவை மேசையிலிருந்து எடுத்துக் காகிதக் கிடங்குக்கு அனுப்பினார்கள்.

திருமண மசோதா விவாதத்துக்கு வந்த அன்று அக்கா விடுப்புப் போட்டுவிட்டு, தையற்காரியோடு பார்வையாளர் மாடத்தில் வந்து உட்கார்ந்தார். கீழே என்னுடைய பத்து நிமிடம். தேன்குரலார் எழுந்தார்.

"இவங்களுக்கு எதிரா நான் ஒரு வார்த்தை பேசியிருக்கேனா? சபைப் பதிவை எடுத்துப் பாருங்க."

மாடத்தில் தையற்காரி எழுந்து நின்றாள். கத்தவில்லை. அந்தக் கழுத்தை நெரிக்கும் வாக்கியத்தை, ஒரு சொல் பிசகாமல், அவரைப் பார்த்துச் சொன்னாள். காவலர்கள் வந்து அவள் கையைப் பிடித்தார்கள். அக்காவும் கூடவே எழுந்து போனார்.

மாடத்தில் பேசுவது பதிவில் ஏறாது. விதி அப்படி. பின்னறையில் தேன்குரலார் சொன்னதை ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்தேன். அவள் பேசிய இடம் வந்ததும் 'பார்வையாளர் மாடத்தில் சலசலப்பு' என்று அடித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போனேன்.