பத்துக்குப் பிறகு வந்த பெயர்

தனேஸ்வரனைக் கோச் என்றுதான் கூப்பிட வேண்டும். அண்ணே என்றால் முகம் சுளிப்பார். வார நாளில் ஈப்போவில் ஒரு கிடங்கில் வேலை. ஞாயிறு விடிந்தால், ஊருக்கு வெளியே பழைய ரப்பர் தோட்டத்தில் பதினோரு பேருக்குப் பயிற்சி. ஓட்டம், தண்டால், கடைசியில் கண்மூடித் தியானம். அப்புறம் பணிவைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார் பாருங்கள், அப்பப்பா! பேசுகிறவரைத் தவிர எல்லோருக்கும் பணிவு வந்துவிடும்.

அவர்கள் கூடும் திடல் அந்தக் காலத்துப் பெரட்டுக் களம். ரப்பர் பால் வெட்டப் போகுமுன், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நின்று ஆட்களின் பெயர் கூப்பிட்ட இடம். இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, சுற்றிலும் செம்பனை. கோச் பெயர் கூப்பிடுவதில்லை. வரிசையில் நின்று எண் சொன்னால் போதும். பெயர் சொன்னால் அகங்காரம் வளருமாம். உள்ளதைச் சொன்னால், பாதிப் பேரின் பெயர் அவருக்குத் தெரியாது.

பதினொன்று, பருத்த உடம்புக்காரப் பெண். எப்போதும் கடைசி.

"பதினொண்ணு, நீ வாரதுக்குள்ள நாங்க பசியாறிட்டு வீட்டுக்கே போயிருவோம்லா!"

அன்று மூடுபனி. முந்தின நாள் மழையில் கால்வாயெல்லாம் நிரம்பிக் கிடந்தது. கிண்டலடித்துவிட்டு முன்னால் ஓடினார். ஓடும்போது யாரும் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது அவர் சட்டம்.

திடலுக்கு வந்ததும் முதுகைக் காட்டி நின்றபடியே, "எண்ணுங்க!" என்றார்.

ஒண்ணு, ரெண்டு என்று தொடங்கிப் பத்து வரை வந்தது. பிறகு, "விமலா" என்றது ஒரு குரல். வயதான பெண்ணின் கரகரத்த குரல்.

"நம்பர் கேட்டா பேர் சொல்றது யாரு?"

எரிச்சலோடு திரும்பினார். பத்துப் பேர்தான் நின்றார்கள். பத்துப் பேரும் பக்கத்திலிருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புளித்த ரப்பர் பால் வாடை குப்பென்று அடித்தது.

பத்தாவதாக நின்ற பவித்ரன்தான் சொன்னான். "கோச், நம்ம பதினொண்ணு அக்கா பேருதான் விமலா. அவங்க இன்னும் வரல."

கோச் வந்த வழியே ஓடினார். விமலா கால்வாயில் கிடந்தாள். கணுக்கால் பிசகி, நெஞ்சளவு தண்ணீரில் ஒரு செம்பனை மட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடி நழுவிக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் அவ்வளவுதான். எல்லோரும் சேர்ந்து தூக்கிக் கரையேற்றினார்கள்.

"கத்துனேன் கோச், யாருமே திரும்பல," என்று அழுதாள். "அப்புறம் ஒரு அம்மா வந்தாங்க. தலையில துண்டு, கையில பால் வாளி. என் பேரைக் கேட்டாங்க. 'பெரட்டுல ஒன் பேரைக் குடுத்துர்றேன், இல்லாட்டி மண்டோரு ஒன்னைத் தேட மாட்டான்'னு சொல்லிட்டுப் போனாங்க. நீங்க அனுப்புன ஆளா?"

கோச் சேற்றிலேயே உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

இப்போது அவர் கடைசியில் ஓடுகிறார். அண்ணே என்றால் திரும்புகிறார். பேச்சு நின்றுவிட்டது. ஓட்டம் முடிந்ததும் காலணியைக் கழற்றிவிட்டு, பதினோரு பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறார்.

பிறகு தலை குனிந்து கொஞ்ச நேரம் நிற்கிறார். புதிதாக வந்த ஒருவர் ஏன் என்று கேட்டார்.

"இன்னும் ஒருத்தவங்க இருக்காங்க," என்றார் தனேஸ்வரன். "அவங்க பேரை நாங்க யாருமே கேக்கல."