கேட்காமல் எழுதிய கட்டம்

பள்ளி விடுமுறை என்றால் வாத்தியார்கள் காலை நீட்டிப் படுத்துக்கிடப்பார்கள் என்று எவன் கிளப்பிவிட்டானோ, அவனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாடு முழுக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. தமிழ்ப்பள்ளி வாத்தியாரான என்னையும் பிடித்து, கையில் பாரம் என்று நாங்கள் சொல்லும் படிவம் ஒரு கட்டும் இரண்டு பென்சிலும் கொடுத்து வீடு வீடாகப் போகச் சொல்லிவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்லத் தைரியம் இல்லை. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை.

எனக்கு ஒதுக்கியது நான் குடியிருந்த தாமானையே, அதாவது எங்கள் குடியிருப்பையே. மலாக்காவில், புக்கிட் ரம்பாய் தொழிற்சாலைகளுக்குப் பின்னால், வரிசை வரிசையாகக் கட்டிப்போட்ட மலிவு வீடுகள். ரப்பர் தோட்டங்களை விற்றுத் துண்டாடியபோது லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டு வந்தவர்கள்தான் எங்களில் பாதிப் பேர். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் கடைக்குப் போனால் தமிழ், பஸ் நிறுத்தத்தில் தமிழ், வாசலில் காய்ந்த மாவிலைத் தோரணம். பாதித் தாமான் நம்முடையது என்று யார் கேட்டாலும் சத்தியம் செய்திருப்பேன். மீதிப் பாதியில் மலாய்க்காரர், சீனர், போர்த்துகீசியக் கலப்பில் வந்த ஒரு சிராணிக் குடும்பம், காவல் வேலை பார்க்கும் ஒரு பஞ்சாபி ஜாகா. வெளியூர்ச் சொந்தக்காரர்களிடம், "எங்க தாமான்ல இல்லாத ஆளே இல்ல" என்று பெருமையடித்துக்கொள்வேன்.

இந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது. எல்லாரையும் தெரியும் என்ற நினைப்பில் நான் ஒரு காரியம் செய்தேன். வேலைக்கு இறங்குவதற்கு முந்தின வாரம், பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து வீட்டு எண், குடும்பத் தலைவர், எத்தனை பேர், இனம், மதம் என்று கோடு போட்டு, எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி வைத்தேன். பிறகு அதைப் பார்த்துப் பாரங்களிலும் பாதிக் கட்டங்களைப் பென்சிலால் நிரப்பிவிட்டேன். பயிற்சியில் அதிகாரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: கேட்டு எழுது, அவர்கள் சொல்வதை எழுது, அடையாள அட்டையான ஐசியைப் பார்க்காதே, முகத்தையும் பார்க்காதே. இருக்கட்டும், தெரிந்த வீட்டில் போய் நீ என்ன இனம் என்று கேட்டால் சிரிக்க மாட்டார்களா என்று நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். உண்மையில் சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

முதல் நாளே வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூன்றாவது வீட்டில் ஒரு செட்டிக் குடும்பம். மலாக்காவில் பல தலைமுறையாக இருக்கிற, மலாய் பேசுகிற, மலாய்க் கபாயாச் சட்டை உடுத்துகிற, நெற்றி நிறைய விபூதி பூசுகிற செட்டி. வாசலில் எப்போதும் மலாய்ப் பேச்சே கேட்டதால் நான் 'மற்றவர்' என்று குறித்து வைத்திருந்தேன். அந்த வீட்டுக்காரர் பாரத்தை எட்டிப் பார்த்தார். "உங்க தாத்தா கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே நாங்க வந்துட்டோம். நாங்க மற்றவரா?" என்று மலாயில் கேட்டார். அழித்து எழுதினேன்.

நான்காவது வீடு இன்னும் மோசம். அவர் வீட்டுப் பொங்கலை மூன்று வருடம் வயிறு முட்டச் சாப்பிட்டவன் நான். "தமிழ் இல்ல சார், தெலுங்குன்னு போடுங்க. எங்கப்பா ஆத்மா சாந்தியடையட்டும்" என்றார். அடுத்த வரிசையில் ஒருவர் மலையாளி என்றார். நான் தமிழர் என்று எண்ணி வைத்திருந்த பாதித் தாமான், வீடு வீடாகக் கழன்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோப்பை மைலோ வேறு. அழிப்பானும் தேய்ந்தது, நானும் தேய்ந்தேன். நான்கு நாளில் போதும் போதும் என்றாகிவிட்டது. இதையெல்லாம் நோட்டிலும் திருத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. திருத்தியதெல்லாம் பாரத்தில் மட்டும்தான்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குப் பதினேழாம் எண் வீட்டுக்குப் போனேன். அது சீனக்கா வீடு.

சீனக்கா என்பது தாமானே வைத்த பெயர். அவள் பிறந்தது ஒரு சீனக் குடும்பத்தில். பெண் பிள்ளை ராசியில்லை என்று அந்தக் காலத்தில் சில சீனர்கள் கைக்குழந்தையைக் கொடுத்துவிடுவார்கள். தோட்டத்தில் பிள்ளையில்லாத தமிழர்கள் வாங்கிக் காது குத்தி, பொட்டு வைத்து வளர்ப்பார்கள். அப்படி ஒரு பிள்ளை இல்லாத தோட்டம் அப்போது அபூர்வம். இவளை ஒரு மாதக் குழந்தையாக வாங்கி வளர்த்தது ஒரு பால்மரத் தொழிலாளித் தம்பதி. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தாள். தமிழ் லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டாள். சீன மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. வருஷா வருஷம் பால்குடம் எடுப்பாள். அவள் கோபத்தில் வாயைத் திறந்தால் சுத்தத் தோட்டத்துத் தமிழ், காது கொடுத்துக் கேட்க முடியாது. தாமான் முழுக்க அவளைச் சீனக்கா என்றுதான் கூப்பிட்டது. நானும்தான். பாசமாகத்தான் கூப்பிட்டோம். அவளும் சிரித்த முகமாகத் திரும்பிப் பார்ப்பாள்.

அன்றைக்கு அவள் வேலைக்குப் போயிருக்கவில்லை.

"லீவு போட்டுட்டேன் தம்பி. நீங்க இன்னைக்கு நம்ம வரிசைக்கு வர்றீங்கன்னு சொன்னாங்க. வாங்க, உக்காருங்க."

பட்டுச் சேலை மாதிரி ஒன்றைக் கட்டியிருந்தாள். சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேசையில் பழைய பிஸ்கட் டின் ஒன்று திறந்து கிடந்தது. உள்ளே ஐசி, பிறப்புப் பத்திரம், தமிழ்ப்பள்ளிச் சான்றிதழ், கல்யாண போட்டோ, பால்குடம் தூக்கிய போட்டோ. ஏதோ இன்டர்வியூவுக்கு வந்தவள் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள்.

"இதெல்லாம் வேணாமேக்கா" என்றேன்.

"இருக்கட்டும். எதுக்கும் எடுத்து வெச்சேன். ரேடியோல சொன்னாங்க, நாம என்னா சொல்றமோ அதத்தான் எழுதணுமாம். மெய்யா?"

"மெய்தான்."

பையிலிருந்து அவள் வீட்டுப் பாரத்தை எடுத்து விரித்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவள் விரல் தாளின் நடுவில் போய் நின்றது. இனம் என்ற வரியில் 'சீனர்' கட்டத்தில், என் பென்சில் குறி கறுப்பாக, அழுத்தமாகக் கிடந்தது.

"நான் இன்னும் வாயே தொறக்கலியே தம்பி" என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. என்னவோ உளறினேன். முன்கூட்டியே எழுதி வைப்பது வழக்கம், எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் என்றேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தோட்டத்துத் தமிழில் நான்கு வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவள் பிஸ்கட் டின்னின் மூடியைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"பொறந்த பத்திரத்துல சீனா. ஐசி எடுக்கப் போனேன், மூஞ்சியப் பாத்துட்டு அவங்களே எழுதிக்கிட்டாங்க. கல்யாணம் பதியப் போனப்பவும் அதே கததான். என்னைய யாரும் ஒரு தடவகூட கேட்டதில்ல. இந்தத் தடவதான் கேப்பாங்கன்னு ரேடியோல சொன்னாங்க. அதான் லீவு போட்டேன்."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சீனக்கான்னு கூப்பிட்டா நான் திரும்பிப் பாக்கறேன்ல. அதுல நீங்களும் அப்படியே நெனச்சிட்டீங்க போல."

அழிப்பானை எடுத்துத் தேய்த்தேன். அழுத்தி எழுதியிருந்ததால் முழுக்கப் போகவில்லை. கறை படிந்து தாள் பஞ்சு பஞ்சாகக் கிளம்பியது.

"இப்ப கேளுங்க" என்றாள்.

"என்னக்கா?"

"கேளுங்கலா. கேட்டுட்டு எழுதுங்க."

வகுப்பில் பாடம் ஒப்பிக்கிறவன் மாதிரி கேட்டேன். "நீங்க என்ன இனம்?"

"தமிழ்" என்றாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறையும் சொன்னாள். "தமிழ்தான்."

இந்தியர் என்ற கட்டத்தில் குறித்து, அதன் கீழே தமிழர் என்பதிலும் குறித்தேன். அவள் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். மைலோ கலக்கிக் கொடுத்தாள். அன்றைக்கு அதைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

வாரக் கடைசியில் பாரக்கட்டைக் கொண்டுபோய், பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். அவர் மலாய்க்காரர், நல்ல மனிதர், என்னைவிடக் களைத்திருந்தார். தாள்களைப் புரட்டினார். அழித்து அழித்துக் கறையான பாரங்களை ஒதுக்கி எடுத்து என் பக்கம் தள்ளினார். "கொத்தோர்லா, சிக்கு" என்றார். அழுக்காக இருக்கிறது வாத்தியாரே என்று அர்த்தம். எல்லாவற்றையும் புதுத் தாளில் எழுதிக்கொண்டு வா, மத்தியானத்துக்குள் கட்டை மேலே அனுப்பவேண்டும் என்றார். அப்போது காலை பதினொன்று.

காலியான வகுப்பறையில் போய் உட்கார்ந்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் மேசை, முட்டி இடித்தது. பதினைந்து இருபது வீடுகள் இருக்கும். தேய்த்த தாளில் பல இடங்களில் பழைய குறி எது, புதிய குறி எது என்றே தெரியவில்லை. என்ன செய்தேன்? என் நோட்டை எடுத்துப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டேன். பெயர், எத்தனை பேர், மதமெல்லாம் அதில் சுத்தமாக இருந்தது. முதல் சில வீடுகளுக்கு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து எழுதியது நன்றாக நினைவிருக்கிறது. செட்டி வீட்டை ஞாபகமாக மாற்றினேன். தெலுங்குக்காரரையும் மாற்றினேன். அதற்குப் பிறகு கை தன்பாட்டுக்குப் போனது. பசி வேறு. மத்தியானம் ஒரு மணிக்குக் கட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, பழைய தாள்களை அங்கேயே கொடுத்துவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

தாமான் நுழைவாயில் வரும்போதுதான் சீனக்கா வீட்டு ஞாபகம் வந்தது. வண்டியை ஓரம் கட்டி நோட்டைத் திறந்தேன். பதினேழாம் எண். என் கையெழுத்தில், இனம் என்ற இடத்தில், சீனர். நோட்டை நான் திருத்தவே இல்லை.

பதினேழாம் எண் பாரத்தை எப்படி எழுதினேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். அந்தத் தாள் என் கையில் இருந்தது நினைவிருக்கிறது. பஞ்சு கிளம்பிய இடம் நினைவிருக்கிறது. புதுத் தாளில் எந்தக் கட்டத்தில் பென்சில் போனது என்பது மட்டும் வரமாட்டேன் என்கிறது. வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடினேன். மேற்பார்வையாளர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டு போய்விட்டது, பழைய தாள்களையும் கிழித்தாகிவிட்டது என்றார். ஒரே ஒரு தாள்தான் பார்க்கவேண்டும் என்று கெஞ்சினேன். "ஒரு ஆள்தானே சிக்கு? பரவாயில்லை" என்று என் முதுகைத் தட்டினார். அவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அது அவர் மேல் வரவேண்டிய கோபம் இல்லை என்பதும் தெரியும்.

இரண்டு நாள் பதினேழாம் எண் வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். மூன்றாம் நாள் சாயங்காலம் இரவுச் சந்தையான பாசார் மாலாமில் மாட்டிக்கொண்டேன். வேலை முடிந்து வந்தவள், தொழிற்சாலைச் சட்டையோடு கீரைக் கட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. சீனக்கா என்று கூப்பிட வாயெடுத்து, பாதியில் நிறுத்தினேன்.

"அக்கா" என்றேன்.

"தம்பி, அந்தத் தாளெல்லாம் குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன்க்கா."

"எங்க வெப்பாங்க அதெல்லாம்?"

"கோலாலம்பூர்ல. பெரிய ஆபீஸ்ல."

"ரொம்ப வருசம் இருக்கும்ல?"

"இருக்கும்க்கா."

கீரைக்காரியிடம் மிச்சத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ரகசியம் பேசுகிறவள் மாதிரி குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கயாச்சும் நான் தமிழச்சியா இருக்கேன்ல?"

"ஆமாக்கா" என்றேன்.