அப்பாவின் சுருட்டும் என் விடுதி அறையும்

வவுனியாவில் பல்கலைக்கழக விடுதியில் இருந்து படிக்கிறேன். வளாகத்தில் புகைத்தல் விதிகளை இறுக்கியபின், புகைப்பொருளை உள்ளே கொண்டுவந்தாலே விடுதி அறை போய்விடும். நான் புகைப்பதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் ஊரான துணுக்காய்க்குப் போகும்போது அப்பாவுக்கு ஒரு கட்டுச் சுருட்டு கொண்டுபோவேன். ஒரு வெள்ளிக்கிழமை, பிறகு நேரமிருக்காதென்று காலையிலேயே வாங்கி, விடுதி வாசலில் பிடிபட்டேன்.

“அப்பாவுக்கு, சேர்.”

“பிடிபட்டால் எல்லாருக்கும் அப்பாதான் சுருட்டுப் பத்துறார்,” என்ற விடுதிப் பொறுப்பாளர், அப்பாவுக்கே போன் எடுத்து, சத்தத்தைக் கூட்டிவைத்து, சுருட்டுப் பத்துவீர்களா என்று கேட்டார்.

பள்ளிக்கூடம் போகாத அப்பா பதறிவிட்டார். “ஐயோ சேர், நான் சுருட்டுத் தொடுறேல்லை!”

அதற்குள் போனில் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது: “விடியவே ரெண்டு பத்திப்போட்டு என்ன கதை கதைக்கிறியள்?”

பொறுப்பாளர் சிரித்துவிட்டார். கட்டைப் பறித்துக்கொண்டு, எச்சரிக்கையோடு என்னை விட்டார்.

ஏன் மறுத்தீர்கள் என்று வீட்டில் அப்பாவிடம் கேட்டேன். “நான் சுருட்டுக்காரன் எண்டால் உனக்கெல்லோ குறைவு,” என்றார். எனக்காகப் பொய் சொல்லி என்னையே மாட்டிவிட்டவரோடு கோபிப்பதா என்று இன்னும் விளங்கவில்லை. இப்போது சுருட்டை ஊர்ச் சந்தியில் இறங்கிய பிறகே வாங்குகிறேன். வளாகத்தில் எந்தப் புது விதி வந்தாலும் அப்பாவுக்கும் சொல்லிவிடுகிறேன்.