நேர்ந்து விட்ட மீன்

மடியில் ஒரு தகர டின், அதன் மேல் ஈரச் சாக்கு, சாக்கின் மேல் இரண்டு கைகள். திருநெல்வேலி பஸ் தென்காசியில் வந்து நின்றபோது இவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது பார்த்தால் கால்சட்டையெல்லாம் தண்ணீர். பக்கத்தில் உட்கார்ந்து நனைந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே போனார். கோயிலுக்குப் போய்விட்டு அந்த வழியாக வந்த நான், “இது என்ன கோலம்?” என்று கேட்டேன். “சத்தம் போடாத, உள்ள குஞ்சு இருக்கு” என்றார். மீன்குஞ்சு தூங்குமா, என் சத்தத்தில் விழித்துக்கொள்ளுமா, எனக்குத் தெரியாது. எங்கள் மூத்தவன் பிறந்தபோதுகூட இந்த மனுஷன் அவனை இவ்வளவு பதனமாகத் தூக்கியதில்லை.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். மீன் துறையில் இன்ஸ்பெக்டர். ஐம்பதுகளின் கடைசியில் எங்களைத் தென்காசிக்கு மாற்றினார்கள். ரத வீதிக்குப் பின்னால் வாடகை வீடு. ஊர்க்காரர்களுக்கு இவர் ‘மீன் ஆபீசர்’. அந்தப் பேரைக் கேட்டு நான் சிரிப்பேன். ஏனென்றால் கடலோரத்தில் பிறந்த இவருக்கு ஆற்று மீன் என்றால் முதலில் இளப்பம்தான். வந்த கொஞ்ச நாளிலேயே அது மாறிவிட்டது. காலையில் குற்றாலம் பக்கம் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனால் மதியம் சட்டையில் சேறும் கையில் ஓலைப்பெட்டியுமாக வருவார். கல்லைக் கவ்விக்கொண்டு நிற்கிற கல்லொட்டி, மணலுக்குள் மூக்கை மட்டும் நீட்டிக் கிடக்கிற அயிரை, ஆரால், உளுவை, கெளுத்தி, செவுளோரம் மஞ்சள் பூசின பொடிக்கெண்டை என்று ஒவ்வொன்றையும் முற்றத்துச் சட்டித் தண்ணீரில் விட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். நான் அயிரையை மட்டும் எடுத்துக் குழம்பு வைத்துவிடுவேன். அதற்கு ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருப்பார். சாப்பாட்டு வேளையில் மட்டும் கோபம் இராது.

சிற்றாறு வருஷம் முழுக்க ஓடுகிற ஆறில்லை. சாரல் காலத்தில் குற்றாலத்தில் அருவி கொட்டுகிற கொட்டுக்கு இரு கரையும் தொட்டு ஓடும். பங்குனி, சித்திரையில் நூல் மாதிரி ஆகி, அதுவும் அறுந்துபோகும். அப்போது மீனெல்லாம் எங்கே போகும் என்று நாம் யோசிக்கிறோமா? இவர் யோசித்தார். தென்காசிக்கு மேற்கே ஆறு திரும்புகிற இடத்தில் ஒரு சின்ன அம்மன் கோயில் இருக்கிறது. அதன் படித்துறைக்குக் கீழே ஒரு கசம். ஆழமான அந்தப் பள்ளத்தில் கோடையிலும் தண்ணீர் வற்றாது. சுற்று வட்டாரத்து மீன் பூராவும் அங்கே வந்து ஒதுங்கும். மழை விழுந்ததும் அங்கிருந்துதான் மேலேயும் கீழேயும் ஏறிப் பரவும். வீட்டில் விதைநெல்லைத் தனியாக எடுத்து வைக்கிறோமே, அந்த மாதிரி இடம் அது.

அந்தக் கசத்தில் யாரும் வலை போட மாட்டார்கள். தூண்டில்கூடக் கிடையாது. அங்கே கிடப்பதெல்லாம் அம்மன் மீன். அம்மை போட்டுப் பிழைத்த பிள்ளையைக் கூட்டி வந்து பொரி போடுவார்கள். மலையடிவாரத்தில் வெடி போட்டு மீன் பிடிக்கிற போக்கிரிகள்கூட அந்தத் திருப்பத்தில் வெடியை மடியில் கட்டிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள். இவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். “அம்மா காவல் இருக்கது வரைக்கும் என் டிபார்ட்மெண்டுக்கு இங்கன வேலையே இல்லட்டி” என்பார்.

அப்படிச் சொன்ன வாய்தான்.

டின்னில் வந்தது திலேப்பியா. ஏழை பாழைகளுக்கு மலிவாக மீன் கிடைக்க வேண்டும், எந்தக் குட்டையில் விட்டாலும் வளரும், சீக்கிரம் பெருகும் என்று மேலிடத்தில் ஒரே உற்சாகம். இவருக்கும் அதில் குறைவில்லை. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாத வீடுகளை இவர் பார்த்திருந்தார். ஆனால் அதற்கு முன்னால் ஊர்க்குளங்களில் விட்ட குஞ்சுகளை ஜனங்கள் வளரவே விடவில்லை. விட்ட வாரமே துணியை விரித்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மேலிடத்திலிருந்து ஏச்சு. யாரும் கைவைக்காத ஒரு இடம் வேண்டும், அங்கே கொஞ்சம் பெருகவிட்டுப் பிறகு குளங்களுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று இவர் கணக்குப் போட்டார். யாரும் கைவைக்காத இடம் இந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

பூசாரிக்கு முதலில் சம்மதமில்லை. “வெளியூர் மீனுக்கு அம்மன் காவல் எப்படிய்யா இருப்பா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இவர் சட்டென்று ஒரு யோசனை சொன்னார். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, முறைப்படி அம்மனுக்கு நேர்ந்து விட்டுவிடலாமே என்றார். கோழியையும் கிடாவையும் நேர்ந்து விடுகிற ஊர்தானே! பூசாரியின் முகம் மலர்ந்துவிட்டது. படித்துறையில் நானும் நின்றேன். மஞ்சள் தண்ணீர் தெளித்து, குலவையிட்டு, டின்னைச் சாய்த்தார்கள். “அம்மனுக்கு நேந்து விட்டாச்சி” என்று இவரே மூன்று தடவை உரக்கச் சொன்னார். பேர் என்ன மீன் என்று பூசாரி கேட்டதற்கு இவர் சொன்னது அவர் காதில் ஜிலேபி என்று விழுந்தது. அன்று எல்லாரும் சிரித்தோம்.

அந்த மீனுக்கு ஒரு குணம் உண்டு. தாய் முட்டையை வாயிலேயே வைத்திருக்கும். குஞ்சு வெளியே வந்த பிறகும் ஒரு நிழல் விழுந்தால் போதும், தாய் வாயைத் திறக்கும், குஞ்செல்லாம் உள்ளே ஓடி ஒளியும். படித்துறையில் துணி துவைத்த பெண்கள் இதைக் கண்டுவிட்டார்கள். அவ்வளவுதான், ஊரே திரண்டது. தாய்மீன் என்று பேர் வைத்தார்கள். பிள்ளையில்லாத பெண்கள் செவ்வாய்க்கிழமை தோறும் வந்து பொரி போட்டார்கள். கடையநல்லூரிலிருந்தும் கீழப்பாவூரிலிருந்தும்கூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் தெருவில் மளிகைக்கடை அண்ணாச்சியின் மருமகள் ஒருத்தி இருந்தாள். கல்யாணமாகி ரொம்ப வருஷம் பிள்ளையில்லாமல் மாமியாரிடம் பேச்சு வாங்கித் தேய்ந்துபோயிருந்தவள். அவள் ஒரு செவ்வாய் தவறியதில்லை. என்னைத் துணைக்குக் கூப்பிடுவாள், நானும் போவேன்.

இரண்டு கோடை போனது. இவர் வீட்டுக்கு வந்து முற்றத்துச் சட்டிப் பக்கமே போகாமல் உட்கார ஆரம்பித்தார். என்ன என்று கேட்டால், “ஒண்ணுமில்ல” என்பார். ஒரு நாள் தானாகவே சொன்னார். கசத்தின் ஓரமெல்லாம் அந்த மீன் குழி பறித்து வைத்திருக்கிறதாம். பொடிக்கெண்டை முட்டையிடுகிற மணல்திட்டு முழுக்க அதன் குழி. மற்ற மீனின் முட்டையையும் விடுவதில்லையாம். பொடிசுகள் ஒன்றும் கண்ணில் படவில்லை, பெரிசுகள் மட்டும் கிழடு தட்டிச் சுற்றுகின்றன என்றார். “கசத்துல போச்சுன்னா ஆத்துலயே போச்சுட்டி. மழை விழுந்தா இனி ஏறிப் போறதுக்கு எது இருக்கு?” என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் விஷயத்தின் கனம் புரிந்தது.

அந்தக் கோடையிலேயே கசத்தில் தண்ணீர் குறைந்திருக்கும்போது வலை போட்டு ஜிலேபியை மட்டும் அரித்தெடுத்துவிட வேண்டும் என்று கிளம்பினார். வலைக்காரர்கள் இரண்டு பேரைப் பேசி அழைத்துப் போனார். “பொம்பளைங்க ஒன் பேச்சக் கேப்பாங்க, வா” என்று என்னையும் கூட்டிப் போனார். படித்துறையில் பூசாரி நின்றிருந்தார். இவர் எல்லாம் விளக்கிச் சொன்னார். அம்மனுடைய பழைய மீன்களை இது அழிக்கிறது, அவற்றைக் காப்பாற்றத்தான் இதை எடுக்கிறேன் என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். பூசாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நேந்து விட்டத திரும்ப எடுப்பாவளாய்யா? நீங்கதான மூணு மட்டம் சொன்னிய?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதற்குள் பெண்கள் கூடிவிட்டார்கள். மளிகைக்கடை மருமகள் புடவையோடு தண்ணீரில் இறங்கி வலைக்கு முன்னால் நின்றாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். வழுக்கும், மேலே வா என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்து அழுதாள். “அக்கா, ஒங்களுக்குத் தெரியாததா? என் வயித்துல கெடக்கது அது குடுத்த உசிரு. அத எடுக்கணும்னா வலைய எம்மேல வீசச் சொல்லுங்க” என்றாள். அவளிடம் நான் என்ன சொல்வது? கல்லொட்டி என்று ஒரு மீன் இருக்கிறது, அதற்காக நீ விலகு என்றா? நான் கையைப் பிடித்து அவளை மேலே ஏற்றினேன். இவர் வலைக்காரர்களைப் பார்த்து, சுருட்டச் சொல்லிக் கைகாட்டினார்.

பிறகும் சும்மா இருக்கவில்லை. மேலிடத்துக்குப் போய்ச் சொன்னார். மீன் பெருகவில்லை என்று ஏசினவர்கள், இப்போது பெருகிவிட்டது என்று அழுகிற ஆளைப் பார்த்துச் சிரித்தார்களாம். குஞ்சை விட்டது நீங்கள்தானே என்றார்களாம். அடுத்து வந்த சாரலில் ஆறு பெருகியபோது கசத்திலிருந்து ஏறிப் போனதும் இறங்கிப் போனதும் ஜிலேபிதான். அறுபதுகளின் நடுவில் வயலுக்கு அடிக்கிற மருந்தும் ஆற்றில் கலக்க ஆரம்பித்தது. மேலே வெடி, கீழே மருந்து, நடுவில் இது. ஒரு கோடையில் குற்றாலத்துப் பாறையிடுக்கிலிருந்து கல்லொட்டி ஒன்றைப் பிடித்துக் குடத்தில் போட்டுக்கொண்டு வந்தார். முட்டை கட்டின மீன். அதை எங்கே விடுவது என்று அன்று முழுக்க இரண்டு பேரும் பேசினோம். ஒவ்வொரு இடமாக அவர் சொல்வார், அவரே வேண்டாம் என்பார். அத்தனை பெரிய ஆற்றில் ஒரு சின்ன மீனை விட இடமில்லை. குடத்திலேயே நாலைந்து நாள் இருந்து செத்துப்போனது. அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுததை அன்றுதான் பார்த்தேன். மீன் சாப்பிடுவதையும் அதோடு விட்டார். நானும் வீட்டில் ஆக்குவதை நிறுத்திவிட்டேன்.

இவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. பிள்ளைகள் வெளியூரில். நான் அதே தென்காசியில்தான் இருக்கிறேன். ஆடிச் செவ்வாயில் கசத்தில் விழா எடுக்கிறார்கள். ஜீப்பில் வந்து தாய்மீனைக் கொண்டுவந்த புண்ணியவான் என்று மைக்கில் இவரைப் பற்றிச் சொல்கிறார்களாம். பஸ்ஸில் நனைந்துகொண்டு வந்த மனுஷனுக்கு ஜீப் கொடுத்துவிட்டார்கள். முதல் பொரியை இவர் பேரைச் சொல்லித்தான் போடுகிறார்களாம். வயிறு எரிகிறது. யாரிடம் போய்ச் சொல்ல?

அந்த மளிகைக்கடை மருமகளின் வயிற்றில் அன்று இருந்த மகள், இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டவள், வருஷா வருஷம் பிரசாதத்தை என் வீட்டுக்குக் கொண்டுவருவாள். போன ஆடியிலும் வந்தாள். இவர் படத்துக்கு முன்னால் தட்டை வைத்து, தரையில் விழுந்து கும்பிட்டாள். “மாமா மட்டும் இல்லன்னா நான் ஏது அத்தை?” என்றாள். நல்ல பெண். எனக்கு மருந்து வாங்கித் தருவதும் அவள்தான். அன்று என்னால் அடக்க முடியவில்லை. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, உன் மாமா செத்தது அந்த ஆற்றையே நினைத்துத்தான், அதில் மீனெல்லாம் போய்விட்டதடி என்று சொன்னேன். கல்லொட்டி, அயிரை, உளுவை, பொடிக்கெண்டை என்று எனக்கு ஞாபகம் இருந்த பேரையெல்லாம் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கிழவிக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்திருப்பாள் போல. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவிக் கொடுத்தாள்.

“வெசனப்படாதிய அத்தை. மீனு எங்கன போச்சு? இப்பத்தான பாத்துட்டு வாரேன், ஆறு கொள்ளாம கெடக்கு” என்றாள்.