காட்டில் விட்டதாகச் சொன்ன பாம்பு

அண்ணனைக் கடித்தது கண்ணாடி விரியன். பாகலூர்ப் பக்கம் எங்கள் ஊர் ஏரிக்கரையில், காலையில் மாட்டுக்குப் புல் அறுக்கப் போன இடத்தில் காலில் போட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் மூத்திரம் நின்றுபோய், உடம்பு வீங்கிச் செத்துப்போனான்.

அதற்குப் பிறகு எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். நான் வேலை செய்யும் ரோஜாத் தோட்டத்தில் செடிகளுக்கு நடுவே சொட்டுநீர் விடும் கறுப்பு டிரிப் பைப் ஓடும். அதைத் தாண்டும்போதெல்லாம் நின்று, அது பைப்தானா என்று பார்ப்பேன்.

"இன்னாடா, பைப்புக்கு வணக்கம் வெக்கறியா?" என்று கூட வேலை செய்யும் அக்காக்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். காலை மட்டும் எடுத்து வைக்க மாட்டேன்.

அம்மா அப்படியில்லை. காரியம் முடிந்த மறுநாளே அரிவாளை எடுத்துக்கொண்டு அதே ஏரிக்கரைக்குக் கிளம்பிவிட்டாள்.

"வேற எங்கயாவது அறுக்கக் கூடாதாம்மா?"

"வேற எங்க இருக்குது புல்லு? கம்பெனிக்காரன் காம்பவுண்டுக்குள்ள போயி அறுக்கட்டா?"

அவள் சொல்வதும் சரிதான். சுற்றிலும் நிலமெல்லாம் கம்பெனியாகவும் மனையாகவும் போய்விட்டது. பச்சை மிச்சம் இருப்பது ஏரியில்தான்.

ஒரு நாள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. இங்கே கம்பெனியிலோ தோட்டத்திலோ பாம்பு வந்தால் ஒருத்தனைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறவன்தான். பாம்பைப் பிடித்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் போட்டுக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வீடியோ போடுவான். "பத்திரமா காட்டுல விட்டாச்சு" என்றான் அதில். அவன் தலைக்குப் பின்னால் ஒரு செல்போன் டவர் தெரிந்தது. எங்கள் ஊர் டவர். அவன் காடு என்று சொன்னது எங்கள் ஏரியை.

கம்பெனியில் பிடித்த விரியனை இங்கே விட்டிருக்கிறான், அதுதான் அண்ணனைக் கடித்திருக்கிறது என்று மனசு முடிவு கட்டிவிட்டது.

வேலை இல்லாத ஒரு மத்தியானம் அவன் டப்பாவோடு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்துவதைப் பார்த்துவிட்டேன். என்னைவிடப் பெரியவன். அண்ணா என்று கூப்பிட வேண்டிய வயசு. எனக்கு வாய் வரவில்லை.

"இதுதான் உன் காடா?"

"மரம் இருக்குதுல்ல, மச்சி? காடுதான்." டப்பாவைத் தூக்கிக் காட்டினான். "இது சாரை. வெஷமே கெடயாது. ஷிப்ட்டுக்கு டைம் ஆச்சு, அதான் இங்க."

"விரியனையும் இங்கதான் விட்டியா?"

"விரியன எப்பவும் தேன்கனிக்கோட்டை காட்டுக்குத்தான் கொண்டு போவன்."

"யாரு பாத்தா?"

"பாம்பு பாத்துச்சு."

அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அண்ணன் செத்ததைச் சொன்னேன். அவன் என் கையைத் தட்டவில்லை. "அது இங்கயே இருந்த பாம்பா இருக்கும்பா" என்றான். நான் சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்தது. முன்னாடியே யோசித்து வைத்த பதில் மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் எங்கள் தோட்டத்திலேயே, பூப் பேக்கிங் செய்யும் அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் ஒரு விரியன் கிடந்தது. குக்கர் விசில் வருவதற்கு முன்னால் இரைவது மாதிரி சீறியது. எல்லோரும் வெளியே ஓடினோம். அவன்தான் வந்து கொக்கியால் தூக்கி டப்பாவில் போட்டான்.

"நானும் வர்றன்" என்றேன்.

"வந்தா டப்பாவ நீதான் புடிச்சிக்கணும். பயமா இல்லியா?"

"இருக்குது. வண்டிய எடு."

வண்டியில் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மடியில் டப்பா. ஒவ்வொரு மேட்டிலும் அது சீறும்போது பிளாஸ்டிக் அதிர்ந்து என் வயிற்றுக்கு ஏறும். மூடியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன். ஏரிக்குத் திரும்பும் முனையில் வண்டி தானாக வேகம் குறைந்தது.

"ஏன் ஸ்லோ பண்ற?"

"ஸ்பீடு பிரேக்கர்."

அங்கே ஸ்பீடு பிரேக்கரே கிடையாது. அவன் திரும்பிப் பார்க்காமல் நேராக ஓட்டினான்.

தேன்கனிக்கோட்டை காட்டில் ரோட்டை விட்டுத் தள்ளி உள்ளே போய்த்தான் டப்பாவைத் திறந்தான். அது அவசரப்படாமல் புதருக்குள் போனது. இனி விரியன் பிடித்தால் எனக்கும் போன் போடச் சொன்னேன். "இன்னும் நம்பலியா நீ?" என்று கேட்டான். இல்லை என்றேன். நம்பரை வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலையில் அம்மாவோடு ஏரிக்கரைக்கு நானும் போனேன். நேற்றுப் பிடித்த இந்த ஒன்று ஏரிக்கு வரவில்லை. இதற்கு முன்னால் எத்தனை வந்ததோ, அது அவனுக்குத்தான் தெரியும். அம்மாவுக்கு முன்னால் நடந்து, தடியால் புல்லை அடித்துக்கொண்டே போனேன்.

"அடிச்சு அடிச்சு எல்லாத்தையும் சாச்சிட்ட. நான் எத அறுக்கறது?" என்றாள் அம்மா.

"கொஞ்சம் இரும்மா" என்று இன்னொரு தடவை அடித்தேன்.