கைதட்டலுக்காக நான் சொன்ன பொய்

எனக்குப் படம் வரைய வரும். மைக்கைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பெரியகுளத்தில் என் ஓவியக் கண்காட்சி. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் செல்வி அக்காவை வரைந்திருந்தேன். அவரையும் அழைத்திருந்தேன்.

அந்தப் படத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இரண்டு வரியிலேயே திணறினேன். கூட்டம் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தது. "புருஷன் கைவிட்ட பெண் இவர்" என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன். எல்லோரும் நிமிர்ந்தார்கள். அப்புறம் பேச்சு தானாக வந்தது. கைதட்டல் அடங்கவே நேரமானது.

கீழே இறங்கியதும் செல்வி அக்கா வந்தார்.

"நல்லா பேசுனீக தம்பி. இவுகதான் எங்க வீட்டுக்காரரு. என் படத்தைப் பாக்கணும்னு லீவு போட்டுட்டு வந்திருக்காக."

அவருடைய கணவர் என் முகத்தைப் பார்க்காமல் கும்பிட்டார்.

இன்று எந்த மேடையிலும் தயங்காமல் பேசுகிறேன். அவர்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்கத்தான் இன்னும் வாய் வரவில்லை.